இரவல் தோலின் ஆயுள்

1898 செப்டம்பரில் சூடானின் ஓம்டுர்மான் போரை முடித்துவிட்டு, கெய்ரோ வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் வின்ஸ்டன் சர்ச்சில். வயது 23. கெய்ரோ மருத்துவமனையில் அவருடைய சக அதிகாரி ரிச்சர்ட் மாலினோ கையில் ஆழமான வாள்வெட்டுடன் கிடந்தார். காயத்தை மூடத் தோல் வேண்டும் என்றார் மருத்துவர். சர்ச்சில் தன் முன்கையை நீட்டினார். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. ஒரு ஷில்லிங் நாணய அளவுக்குத் தோலும் கொஞ்சம் சதையுமாகச் சவரக்கத்தியால் அறுத்தெடுத்து நண்பரின் காயத்தில் ஒட்டினார்கள். 1930இல் வெளியான தன்வரலாற்றில் இதைச் சொல்லும் சர்ச்சில், அந்தத் தோல் இன்னமும் நண்பர் கையில் இருப்பதாகவும் தன் கையில் அதற்கான தழும்பு இருப்பதாகவும் எழுதுகிறார்.

தழும்பு இருந்திருக்கும். தோல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு வாரத்தில், மிஞ்சிப்போனால் மூன்று வாரத்தில், மாலினோவின் உடல் அதைக் கொன்று உதிர்த்திருக்கும்.

சர்ச்சில் கதை விட்டார் என்று சொல்லவில்லை. சிறிய காயம் என்றால் இந்த ஏமாற்றம் யாருக்கும் நேரும். ஒட்டிய தோல் சாகும் அதே நாட்களில் காயத்தின் ஓரங்களிலிருந்து நோயாளியின் சொந்த மேல்தோல் அடியில் மெல்லப் படர்ந்து வருகிறது. கடைசியில் பொருக்கு உதிரும்போது அடியில் புதுத்தோல் தயாராக இருக்கும். பார்ப்பவருக்கு ஒட்டு பிடித்துவிட்டது என்றுதான் தோன்றும். 1869இல் பாரிஸில் ழாக் லூயி ரெவெர்தன் சின்னச் சின்னத் தோல் துணுக்குகளைப் புண்மேல் ஒட்டிக் காட்டிய பிறகு, ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் உறவினர் தோல், நண்பர் தோல், வெட்டியெடுத்த காலின் தோல், தவளைத் தோல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாமே வெற்றி என்றுதான் எழுதிவைத்தார்கள். இத்தனைக்கும் இத்தாலியின் தாலியாகோட்ஸி, மூக்கு ஒட்டும் கலையைப் பற்றி 1597இல் எழுதிய நூலிலேயே, அடுத்தவர் தோல் உதவாது என்று ஒதுக்கியிருந்தார்.

பெரிய காயத்தில் இந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை. உடலில் பாதி வெந்துபோன ஒருவருக்கு ஓரங்களிலிருந்து தோல் படர்ந்து வந்து மூட முடியாது. ஒட்டிய தோல் செத்தால் மறுபடியும் பச்சைப் புண்தான். அந்தப் புண் வழியாக நீரும் புரதமும் உடற்சூடும் வெளியேறும், கிருமிகள் உள்ளே நுழையும். அதனால் பிறர் தோலை உடல் ஏன் ஏற்பதில்லை என்ற கேள்விக்கு விடை தேடவைத்தவர்கள் தீக்காயக்காரர்கள்தான்.

அடுத்தவர் தோலும் முதல் ஒரு வாரம் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது. முதல் இரண்டு நாள் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் ஊறும் நீரை உறிஞ்சிக்கொண்டு, வெளிறி, சற்றே உப்பலாகக் கிடக்கும். மூன்றாம் நாள் வாக்கில் புண்ணின் அடித்தளத்திலிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் மேலேறி, ஒட்டுத்தோலின் அறுபட்ட குழாய் வாய்களோடு சேர்ந்துகொள்கின்றன. தோல் இளஞ்சிவப்பாகிறது. விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டால் மறுபடி சிவக்கிறது. நாற்று வேர் பிடித்ததைப் பார்த்த விவசாயியைப்போல மருத்துவருக்கு நிம்மதி. தன் தோலாக இருந்தால் கதை இங்கே சுபமாக முடிந்துவிடும். பிறர் தோல் என்றால் எட்டு, ஒன்பதாம் நாளில் வீக்கம் தொடங்கும். உள்ளே வெள்ளையணுக்கள் குவிந்து, குழாய்களில் ரத்தம் உறைந்து நிற்கும். சிவப்பு ஊதாவாகி, ஊதா கருப்பாகி, காய்ந்து, இரண்டாம் வார முடிவில் ஏடு ஏடாக உரிந்து வரும்.

இது ஏன் என்று கண்டுபிடித்தவர் மருத்துவரல்ல, விலங்கியலாளர். பிரேசிலில் லெபனான் வழித் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த பீட்டர் மெடவார். 1940இல் அவர் வீட்டுக்கு அருகே ஒரு போர் விமானம் விழுந்து எரிந்தது. உடலின் பெரும்பகுதி வெந்துபோன விமானியைக் காப்பாற்ற ஏதாவது வழியுண்டா என்று மருத்துவர்கள் அவரிடம் கேட்டார்கள். கையில் விடை இல்லை. அதன்பின் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்தார். எரிவாயு அடுப்பின் மேல் விழுந்து வெந்திருந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவளுடைய தோல் துணுக்குகளையும் அவள் சகோதரனின் துணுக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். அவளுடையவை பிழைத்தன, சகோதரனுடையவை செத்தன. சுமார் இரண்டு வாரம் கழித்து அதே சகோதரனிடமிருந்து இன்னொரு தொகுதி எடுத்து ஒட்டினார்கள். இது முன்னதைவிட வெகு சீக்கிரம் அழிந்தது.

அந்த அவசரத்தில்தான் துப்பு இருந்தது. ஒட்டாமைக்குக் காரணம் வெறும் பொருந்தாமை என்றால் இரண்டாவது முறையும் அதே வேகத்தில்தான் சாக வேண்டும். முதல் முறை பார்த்ததை உடல் நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டாவது முறை தயாராக நிற்கிறது. அம்மையும் தடுப்பூசியும் விட்டுச்செல்லும் அதே நினைவு. ஆகவே இது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. 1943இல் கிப்சனும் மெடவாரும் இதை வெளியிட்டார்கள். பிறகு முயல்களில் நூற்றுக்கணக்கான ஒட்டுகள் போட்டு மெடவார் அதை உறுதிசெய்தார். நோயாளியின் உடல் பிறர் தோலை வெளியே தள்ளுவது, பெரியம்மைக் கிருமியை வெளியே தள்ளுவதைப் போலவே நடக்கிறது என்று தெரிந்தபோது, ஒரு புதிய நம்பிக்கையும் பிறந்தது: கற்றுக்கொண்டு செய்யும் வேலை என்றால், கற்கவிடாமல் தடுக்கவும் முடியுமே!

ஆனால் எதிராளியாகத் தோலைத் தேர்ந்தெடுத்தது போதாத காலம். மாற்றி வைக்கப்படும் உறுப்புகளில் உடல் மிக மூர்க்கமாக எதிர்ப்பது தோலைத்தான். காரணம் தோலின் தொழில். வெளியுலகத்தோடு நேரடியாக உரசும் எல்லை அது. ஆகவே காவலும் அங்கேதான் அதிகம். 1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர், தங்கக் குளோரைடு சாயம் ஏற்றிய தோலில், கைகால் விரித்ததுபோல் கிளைபரப்பிய செல்களைப் பார்த்தார். அவை நரம்பு செல்கள் என்று நினைத்தார். உண்மையில் அவை நோய் எதிர்ப்புப் படையின் ஒற்றர்கள். மேல்தோலில் அயல் பொருள் எது நுழைந்தாலும் பிடித்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், அங்குள்ள டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களுக்குக் காட்டுவது அவற்றின் வேலை. கொடையாளரின் தோலோடு இந்த ஒற்றர்களும் சேர்ந்தே வருகிறார்கள். ஆனால் வந்த இடத்தில் காட்டுவது கிருமியை அல்ல. தாங்கள் அணிந்திருக்கும் கொடையாளரின் அடையாளத்தை. தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் உறுப்பு என்று தோலைச் சொல்லலாம்.

அந்த அடையாளம் எச்.எல்.ஏ. எனப்படும் புரதத் தொகுதி. அதற்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. இவை ஆளுக்கு ஆள் மாறும். உடன்பிறந்தவர்களிடையே முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. சிறுநீரகத்துக்கு இந்தப் பொருத்தம் பெரிய வரப்பிரசாதம். தோலுக்கோ அதுவும் போதவில்லை, எச்.எல்.ஏ. முழுதும் பொருந்திய உடன்பிறப்பின் தோலும் ஒரு வாரம் கூடுதலாக நின்றுவிட்டு விழுந்துவிடுகிறது. எலிகளில் இன்னும் விசித்திரம். மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும்படி வளர்க்கப்பட்ட குலத்தில், ஆண் எலியின் தோலைப் பெண் எலிக்கு ஒட்டினால் பல நேரம் நிராகரிக்கப்படுகிறது. ஒய் குரோமோசோம் தரும் ஒன்றிரண்டு புரதத் துணுக்குகளே காட்டிக்கொடுக்கப் போதும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மட்டுமே இந்தச் சிக்கல் இல்லை. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே, இரட்டையர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைப்பதற்கு முன், அவர்கள் உண்மையிலேயே ஒரே கரு இரட்டையர்தானா என்று பார்க்கத் தோலைத்தான் மாற்றி ஒட்டிச் சோதித்தார்கள். அதைவிடக் கறாரான தேர்வாளர் கிடையாது.

எதிர்ப்பை மருந்தால் அடக்கலாமே என்றால், அடக்கலாம்தான். சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. டாக்ரோலிமஸ், ஜப்பானின் த்சுகுபா மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. இரண்டுமே டி செல்லுக்குள் போய், அது உசுப்பப்பட்டதும் பெருகச் சொல்லும் உத்தரவை இடைமறித்துவிடுகின்றன. சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாம் இன்று மாற்ற முடிகிறதென்றால் இவற்றின் தயவால். கை மாற்றுச் சிகிச்சையும் அப்படித்தான் சாத்தியமானது. 1998இல் பிரான்ஸின் லியோன் நகரில் முதல் வெற்றி. நம் பக்கத்தில் 2015இல் கொச்சி அமிர்தா மருத்துவமனையிலும், 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் நடந்தது. ஒரு கையில் எலும்பு, தசை, நரம்பு, தோல் எல்லாம் இருந்தாலும் முதலில் முரண்டு பிடிப்பது தோல்தான். நிராகரிப்பு தொடங்கினால் அதில் செந்தடிப்புகள் தோன்றும். மருத்துவர்கள் இதையே எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்துகிறார்கள். சில மையங்களில், அதே கொடையாளரின் தோலில் ஒரு சிறு துண்டைத் தனியாக வேறிடத்தில் ஒட்டிவைத்துக் கண்காணிப்பதும் உண்டு. லியோன் நோயாளி மருந்தைக் கைவிட்டார். 2001இல் கையை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

தீக்காயப் பிரிவில் இந்த வழி செல்லுபடியாகாது. அங்கே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தொற்று. உடல் முழுக்கத் திறந்த புண்ணோடு கிடப்பவரின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து மட்டுப்படுத்துவது, கோட்டை மதில் இடிந்த நேரத்தில் படையையும் விடுப்பில் அனுப்புவதற்குச் சமம். இருந்தும் 1970களில் பாஸ்டனில் ஜான் பர்க் துணிந்து செய்தார். மிகப் பெரிய தீக்காயம் பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினரின் தோலை ஒட்டி, கிருமி நீக்கிய காற்று பாயும் தனிக்கூடாரத்தில் வைத்து, எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தார். வாரக்கணக்கில் தோல் நின்றது. அதற்குள் குழந்தையின் சொந்தத் தோலை எடுத்து எடுத்து மாற்றினார். குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் எல்லா ஊரிலும் எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய காரியமா அது? பர்க்கே பிறகு அந்த வழியை விட்டு, பொறியாளர் அயோனிஸ் யன்னாஸுடன் சேர்ந்து, மாட்டின் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்புச் சர்க்கரையும் கலந்த செயற்கை உள்தோல் ஒன்றை உருவாக்கினார். அதில் உயிருள்ள செல்லே இல்லை. காட்டிக்கொடுக்க ஆளில்லாவிட்டால் சண்டையும் இல்லை.

மருந்தே இல்லாமல் உடலைச் சம்மதிக்கவைக்கும் வழி ஒன்றும் உண்டு. மெடவாரே அதைக் கண்டார், அதுவும் மாட்டுப் பண்ணையில். இரட்டைக் கன்றுகள் ஒரே கரு இரட்டையா, இரு கரு இரட்டையா என்று பிரித்தறிய வழி கேட்டார் ஒரு கால்நடை ஆய்வாளர். தோல் மாற்றி ஒட்டினால் தெரிந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தார் மெடவார். அவரும் ரூபர்ட் பில்லிங்ஹாமும் ஸ்டாஃபோர்ட்ஷயர் பண்ணைக்குப் போய் ஒட்டிப் பார்த்தால், ஆணும் பெண்ணுமாகப் பிறந்த இரட்டைகள்கூட ஒன்றின் தோலை மற்றொன்று சாதுவாக ஏற்றுக்கொண்டன! காரணம் அமெரிக்காவில் ரே ஓவன் 1945இலேயே எழுதியிருந்தார்: இரட்டைக் கன்றுகளுக்குக் கருப்பையில் ரத்தக்குழாய்கள் இணைந்திருக்கும், ஒன்றின் ரத்த செல்கள் மற்றொன்றில் குடியேறிக் காலமெல்லாம் இருக்கும். பிறப்பதற்கு முன்பே அறிமுகமானவரை உடல் அயலார் என்று எண்ணுவதில்லை.

இதை வேண்டுமென்றே செய்ய முடியுமா என்று லண்டனில் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட், மெடவார் மூவரும் பார்த்தார்கள். சி.பி.ஏ. என்ற பழுப்பு நிறக் குலத்து எலியின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு, வெள்ளை நிற ஏ குலத்து எலியின் செல்களை ஊசியால் செலுத்தினார்கள். பிறந்த ஐந்து குட்டிகளும் வளர்ந்த பிறகு ஏ குலத்துத் தோலை ஒட்டினார்கள். இரண்டு நிராகரித்தன. மூன்றில் ஒட்டு நிலைத்து, பழுப்பு முதுகில் வெள்ளை முடி முளைத்தது. பிறகு ஒரு திருப்பம்: ஏற்றுக்கொண்ட எலிக்கு, ஏ குலத்தை ஏற்கெனவே எதிர்க்கப் பழகிய வேறொரு சி.பி.ஏ. எலியின் நிணநீர்க் கணுக்களைக் கொடுத்ததும், அதுவரை சுகமாக இருந்த ஒட்டு இற்றுப்போனது. ஆக, தோல் மாறவில்லை; பார்க்கும் கண்தான் பழகியிருந்தது. 1953இல் நேச்சர் இதழில் வந்த இந்தக் கட்டுரைக்காக 1960இல் மெடவாருக்கும், கோட்பாட்டை முன்பே ஊகித்த மாக்ஃபர்லேன் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மெடவார் தன் பங்குப் பணத்தைக் கூட்டாளிகளோடு பகிர்ந்துகொண்டார். ஓவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது என் பார்வையில் நோபல் குழுவின் கணக்கில் ஒரு பற்று.

இந்த வழி மனிதருக்கும் ஓரளவு எட்டிவிட்டது. கொடையாளரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்றுத் தேறியவர், பின்னாளில் அதே கொடையாளரின் தோலையும் மருந்தில்லாமல் தாங்கிக்கொள்ள முடியும். ஏனென்றால் அவர் உடலில் காவல் காப்பதே கொடையாளரின் செல்கள். 2022இல் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள், அபூர்வ மரபுநோய் ஒன்றால் சிறுநீரகமும் எதிர்ப்பு மண்டலமும் கெட்டிருந்த மூன்று குழந்தைகளுக்கு, முதலில் பெற்றோரின் ரத்தக் குருத்தணுக்களையும் சில மாதம் கழித்து அதே பெற்றோரின் சிறுநீரகத்தையும் கொடுத்து, வாழ்நாள் மருந்து தேவைப்படாமல் செய்ததை அறிவித்தார்கள். தீக்காயத்துக்கு இதனால் என்ன பயன்? இப்போதைக்குப் பெரிதாக இல்லை. உடலைப் பழக்க மாதங்கள் வேண்டும். ஸ்டவ் வெடிப்பது முன்கூட்டிச் சொல்லிவிட்டு நடப்பதில்லை.

ஆகவே தீக்காய மருத்துவர்கள் கெட்டிக்காரத்தனமாக வேறொன்று செய்தார்கள். நிராகரிப்பைத் தடுக்கவில்லை, அதற்கு எடுக்கும் நாட்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இறந்தவர் தோலால் புண்ணை மூடினால் நீரிழப்பு நிற்கிறது, வலி குறைகிறது, கிருமிக்குக் கதவு அடைபடுகிறது. இரண்டு மூன்று வாரம் போதும். அதற்குள் நோயாளியின் வேகாத இடத்திலிருந்து மெல்லிய தோல் எடுத்து, வலைபோல் கீறி அகலமாக்கி ஒட்டலாம். எடுத்த இடம் ஆறியதும் மறுபடி எடுக்கலாம். சீன மருத்துவர்கள் இறந்தவரின் தோலை அகலமாக விரித்து, அதில் இடைவெளி விட்டு ஓட்டைகள் போட்டு, ஒவ்வோர் ஓட்டையிலும் நோயாளியின் தோல் துணுக்கைச் செருகினார்கள். சுற்றிலும் இரவல் தோல் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டே வர, துணுக்குகள் படர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய தீக்காயமே நோயாளியின் எதிர்ப்புச் சக்தியைத் தற்காலிகமாகச் சாய்த்துவிடுகிறது. அதனால் இரவல் தோல் வழக்கத்தைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது. போர்க்கால ராணுவ மருத்துவமனையில் வெந்துபோன விமானி ஒருவரிடம் இதைப் பார்த்ததுதான் தன்னை உறுப்பு மாற்றத்தின் பக்கம் இழுத்தது என்று ஜோசப் மர்ரே பின்னாளில் சொன்னார்.

இன்னொரு உத்தி 1980களில் சார்ல்ஸ் கூனோ செய்தது. எதிர்ப்பைத் தூண்டும் ஒற்றர்கள் பெரும்பாலும் மேல்தோலில்தானே இருக்கிறார்கள்? இறந்தவர் தோல் வேர் பிடித்த பிறகு அதன் மேல்தோலை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, உடல் அவ்வளவாகப் பொருட்படுத்தாத உள்தோலை அப்படியே விட்டார். அதன் மேல், ஆய்வகத்தில் வளர்த்த நோயாளியின் சொந்த மேல்தோலை விரித்தார். அப்படி வளர்க்கும் வித்தையை ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 1975இல் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் உச்சம் 2015இல் ஜெர்மனியின் போஹும் நகரில் நடந்தது. தொட்டாலே தோல் உரிந்துவிடும் மரபுநோயால் பெரும்பகுதித் தோலை இழந்த ஏழு வயது சிரிய அகதிச் சிறுவனின் செல்களை எடுத்து, இத்தாலியின் மொடேனாவில் மிக்கேலே டி லூக்கா குழு பழுதான மரபணுவைச் சரிசெய்து வளர்த்துக் கொடுத்தது. உடலின் சுமார் 80 சதவீதம் புதுத்தோல். தன் செல் என்பதால் நிராகரிப்பு வரவில்லை.

ஆனால் தோல் வளர வாரங்கள் ஆகும், செலவும் ஏராளம். அதுவரை புண்ணை மூட ஏதாவது வேண்டும். உடல் உடனடியாக அடையாளம் கண்டு தாக்கும் ஒரு சர்க்கரையை மரபணு மாற்றத்தால் நீக்கிய பன்றியின் தோலை 2019இல் பாஸ்டனில் மனிதருக்குத் தற்காலிகமாக ஒட்டிப் பார்த்தார்கள். எச்.எல்.ஏ. அடையாளத்தையே அழித்த செல்களை வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. அதில் ஒரு கண்ணி உண்டு: அடையாளமே இல்லாத செல்லைக் கண்டால் கொல்வதற்கென்றே என்.கே. செல்கள் என்று தனிப்பிரிவு ஒன்று உடலில் இருக்கிறது.

நம் ஊருக்கு இன்றைக்குத் தேவைப்படுவது தோல் வங்கி. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் குழு வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வந்து, தொடையிலும் காலிலும் முதுகிலும் இருந்து தோலின் மேலடுக்கை மட்டும் காகித மெல்லிசாகச் சீவி எடுக்கும். முக்கால் மணி நேர வேலை. முழுத்தோலையும் உரித்துவிடுவார்கள் என்று பலரும் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. ரத்தம் வழியாது, கட்டுப்போட்டுத்தான் தருவார்கள். முகத்தைத் தொடுவதே இல்லை. எடுத்த தோலை 85 சதவீத கிளிசரினில் ஊறவைத்து, குளிர்பெட்டியில் ஐந்தாண்டு வரை வைத்திருக்கலாம். கிளிசரின் செல்களைக் கொன்றுவிடுவதால் எதிர்ப்பும் கொஞ்சம் குறைகிறது.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தவரும் தரலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, தோல் புற்றுநோய், தோல் தொற்று இருந்தால் கூடாது. ரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை, எச்.எல்.ஏ. பார்க்க வேண்டியதில்லை. எப்படியும் மூன்று வாரத்தில் விழப்போகிற தோலுக்குப் பொருத்தம் எதற்கு?